டுரான்ட் வந்த கணக்கு: கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ், 2012–2019

2016 ஜூலை 4 அன்று கூடைப்பந்து வீரர் கெவின் டுரான்ட், ஓக்லஹோமா சிட்டி தண்டரை விட்டுக் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸில் சேரப்போவதாக அறிவித்தார். பேச்சு முழுக்க விசுவாசத்தைப் பற்றியே இருந்தது. காரணம் இல்லாமல் இல்லை. சுமார் ஆறு வாரங்களுக்கு முன்புதான் மேற்குப் பிரிவு இறுதியில் தண்டர் 3-1 என்று முன்னிலையில் நின்றது. அங்கிருந்து தொடர்ந்து மூன்று ஆட்டங்களை வென்று அவர்களை வீட்டுக்கு அனுப்பியது இதே வாரியர்ஸ். அந்தப் பருவத்தில் 82 ஆட்டங்களில் 73 வென்று, அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் சாதனையையும் படைத்திருந்தது. பருவத்தின் சிறந்த வீரர் விருதான எம்விபியை 2014இல் வென்றவர், தன்னைத் தோற்கடித்த அணியிலேயே போய்ச் சேர்வதா என்று ரசிகர்கள் கொதித்தார்கள்.

என்னை அன்றும் இன்றும் இழுப்பது வேறொரு கேள்வி. என்பிஏவில் சம்பள உச்சவரம்பு என்ற ஒன்று இருக்கிறது. பணக்கார அணி எல்லா நட்சத்திரங்களையும் வாரிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே அது 1984-85இல் கொண்டுவரப்பட்டது. அப்படியிருக்க ஸ்டெஃபன் கரி, கிளே தாம்ப்சன், டிரேமண்ட் கிரீன், ஆந்த்ரே இகுவோடாலா ஆகிய நால்வரையும் கையில் வைத்துக்கொண்டு டுரான்டுக்கு உச்சபட்சச் சம்பளம் கொடுக்க எப்படி இடம் வந்தது? விதி எதுவும் மீறப்படவில்லை. அந்த 2016-17 பருவத்தில் வாரியர்ஸ் ஆடம்பர வரிகூட (மொத்தச் சம்பளம் ஒரு கோட்டைத் தாண்டினால் அணி கட்டும் தண்டத் தொகை) கட்டவில்லை. இறுதிச் சுற்றில் எதிரில் நின்ற கிளீவ்லாந்து கட்டியது.

தொலைக்காட்சிப் பணத்தால் உச்சவரம்பு திடீரென்று எகிறியது, வாரியர்ஸுக்கு அதிர்ஷ்டம் அடித்தது என்பதுதான் வழக்கமான பதில். அது பாதி உண்மை. அந்தக் கோடையில் இடம் எல்லா அணிகளுக்கும்தான் கிடைத்தது. வாரியர்ஸுக்கு மட்டும் அது டுரான்ட் அளவுக்குப் பெரிதாக இருந்ததற்குக் காரணம், அதற்கு முன் நான்கு ஆண்டுகளாக அவர்கள் ஒப்பந்தங்களை எழுதிய விதம்.

ஒரே வாரம், இரண்டு முடிவுகள்

அணிகள் வரிசைப்படி புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுக்கு டிராஃப்ட் என்று பெயர். 2009 டிராஃப்டில் ஜேம்ஸ் ஹார்டன் 3ஆவது ஆளாக ஓக்லஹோமாவுக்குப் போனார். கரி 7ஆவது ஆளாகக் கோல்டன் ஸ்டேட்டுக்குப் போனார். ஒரே ஆண்டில் வந்தவர்கள் என்பதால் முதல் ஒப்பந்தத்தை நீட்டிப்பதற்கான கடைசி நாளும் இருவருக்கும் ஒன்றுதான்: 2012 அக்டோபர் 31.

ஓக்லஹோமா அந்த ஆண்டு இறுதிச் சுற்றுவரை போயிருந்தது. டுரான்ட், ரஸ்ஸல் வெஸ்ட்புரூக், செர்ஜ் இபாக்கா மூவருக்கும் ஏற்கெனவே பெரிய ஒப்பந்தங்கள் போட்டாகிவிட்டது. ஹார்டன் உச்சபட்சம் கேட்டார், அணி அதற்குச் சற்றுக் கீழே நின்றது. நான்கு ஆண்டுகளுக்குமாகச் சேர்த்தே அந்த இடைவெளி கோடிக்குள்தான். ஆனால் வரிச் சுமையை எண்ணிப் பயந்த நிர்வாகம் அக்டோபர் 27 அன்று அவரை ஹூஸ்டனுக்குக் கொடுத்துவிட்டது. ஹூஸ்டன் கேட்டதைக் கொடுத்தது. ஹார்டன் பின்னாளில் எம்விபி ஆனார்.

நான்கு நாள் கழித்து, கடைசி நாளன்று, கரி நான்கு ஆண்டுகளுக்கு 4.4 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார். இன்று பார்த்தால் கிட்டத்தட்ட இலவசம். அன்று அப்படி யாருக்கும் தோன்றவில்லை. வலது கணுக்காலில் இரண்டு அறுவை சிகிச்சைகள் ஆகியிருந்தன. 2011-12இல் வெறும் 26 ஆட்டங்கள்தான் ஆடியிருந்தார். அந்தக் கால் தாங்குமா என்பது யாருக்கும் தெரியாது. தெரியாததை விலையாக மாற்றிக்கொண்டார்கள்: உனக்கு உறுதியான வருமானம், எங்களுக்குத் தள்ளுபடி.

அணி நிர்வாகத்தின் துணிச்சலை நான் மதிப்பது இங்கேதான். அதே ஆண்டு மார்ச்சில் ரசிகர்களின் செல்லப்பிள்ளையான மான்டா எல்லிஸை மில்வாக்கிக்குக் கொடுத்து, காயத்தில் கிடந்த ஆஸ்திரேலிய சென்டர் ஆண்ட்ரூ போகட்டை வாங்கியிருந்தார்கள். சில நாளில் கிறிஸ் மல்லினின் ஜெர்சியை ஓய்வுபெறச் செய்யும் விழாவில் உரிமையாளர் ஜோ லேக்கப் மைக்கைப் பிடித்தபோது சொந்த அரங்கமே கூச்சலிட்டது. அந்த வர்த்தகத்தின் பொருள், அணி இனி கரியைச் சுற்றித்தான் என்பது. கணுக்கால் இன்னொரு முறை போயிருந்தால் லேக்கப்பையும் பொது மேலாளர் பாப் மையர்ஸையும் யாரும் மன்னித்திருக்க மாட்டார்கள்.

இறங்கும் சம்பளம்

இந்தக் கதையில் பலர் கவனிக்காமல் தாண்டிப் போகும் ஒரு சின்ன விவரம் எனக்கு மிகவும் பிடிக்கும். 2013 கோடையில் இகுவோடாலாவை எடுக்க இடம் வேண்டியிருந்தது. ரிச்சர்ட் ஜெஃபர்சன், ஆண்ட்ரிஸ் பியட்ரின்ஷ், பிரண்டன் ரஷ் மூவரின் சம்பளத்தையும் யூட்டா தலையில் இறக்கிவைக்க, 2014, 2017 ஆண்டுகளின் முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்புகளையே கொடுத்தார்கள். விலை அதிகம்தான். ஆனால் இகுவோடாலாவின் 4.8 கோடி டாலர் ஒப்பந்தத்தை எழுதிய விதத்தைப் பாருங்கள்: முதல் ஆண்டு 1.287 கோடி, அடுத்து 1.229, பிறகு 1.171, கடைசி ஆண்டு 1.113 கோடி. ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது.

போகட்டின் மூன்றாண்டு 3.6 கோடி டாலர் ஒப்பந்தமும் இதே வகைதான். 1.297, 1.2, 1.103 கோடி என்று இறங்குகிறது. வழக்கமாக வீரர்கள் கேட்பது ஏறும் சம்பளம். மொத்தத் தொகை மாறாமல் முதலில் கூடுதலாகவும் கடைசியில் குறைவாகவும் வாங்கிக்கொள்வது வீரருக்கும் நட்டமில்லை, பணம் முன்கூட்டியே கைக்கு வருகிறது. அணிக்குக் கிடைப்பது கடைசி ஆண்டில் கொஞ்சம் மூச்சுவிடும் இடம். இரண்டு ஒப்பந்தங்களுக்கும் கடைசி ஆண்டு 2016-17. 2013இல் யாரும் டுரான்டை மனத்தில் வைத்து இதை எழுதினார்கள் என்று சொல்ல மாட்டேன். பின்னால் எது வந்தாலும் கை கட்டப்படாமல் இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். அது போதுமாக இருந்தது.

தாம்ப்சன் 2014இல் நான்கு ஆண்டுகளுக்குச் சுமார் 7 கோடி, கிரீன் 2015இல் ஐந்து ஆண்டுகளுக்குச் சுமார் 8.2 கோடி என்று போட்டார்கள். தாம்ப்சன் 11ஆவது டிராஃப்ட் ஆள், கிரீன் இரண்டாம் சுற்றில் 35ஆவது ஆள். இரண்டு தொகைகளும் அன்றைக்கு நியாயமானவைதான். முக்கியமானது, இரண்டும் பழைய உச்சவரம்பை வைத்துப் போட்ட விலை.

உச்சவரம்பு எகிறிய கோடை

இந்த விதியைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். ஐபிஎல் ஏலத்தில் அணியின் பணப்பை தீர்ந்தால் கதை முடிந்தது. என்பிஏ வரம்பு அப்படி இறுகியதில்லை. வெளியிலிருந்து ஒரு ஃப்ரீ ஏஜென்டை, அதாவது ஒப்பந்தம் முடிந்து எந்த அணிக்கும் போகக்கூடியவரை, கொண்டுவர உச்சவரம்புக்குக் கீழே இடம் வேண்டும். ஆனால் சொந்த அணியில் மூன்று பருவம் ஆடிய வீரரைத் தக்கவைக்க வரம்பைத் தாண்டலாம். பாஸ்டனின் பழைய நட்சத்திரம் லாரி பேர்டின் பெயரால் இதற்கு பேர்ட் உரிமை என்று பெயர். அப்படித் தாண்டியபின் ஒரு கோட்டுக்கு மேலே போனால் ஆடம்பர வரி விழும். ஆகவே வரிசைதான் எல்லாம். வெளி ஆளை முதலில் இடத்துக்குள் அடக்க வேண்டும், சொந்த ஆட்களின் பெரிய சம்பளம் அதற்குப் பிறகு வர வேண்டும்.

2014 அக்டோபரில் என்பிஏ ஒன்பது ஆண்டுகளுக்கு 2,400 கோடி டாலர் மதிப்பிலான தொலைக்காட்சி ஒப்பந்தத்தை அறிவித்தது. பணம் வரத் தொடங்குவது 2016-17 பருவத்தில். லீகின் வருமானத்தில் ஏறக்குறைய பாதி வீரர்களுக்கு என்பதால் உச்சவரம்பும் கூடவே ஏறும். ஒரேயடியாக ஏறாமல் சில ஆண்டுகளுக்குப் படிப்படியாக ஏற்றலாம் என்று லீக் கேட்டது. மிஷல் ராபர்ட்ஸ் தலைமையில் இருந்த வீரர்கள் சங்கம் 2015இல் அதை மறுத்தது.

சங்கத்தின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. வருமானம் உண்மையில் கூடியிருக்கும்போது உச்சவரம்பை ஏன் செயற்கையாகத் தாழ்த்தி வைக்க வேண்டும்? ஆனால் விளைவு ஒரே பக்கம் சாய்ந்தது. படிப்படியாக ஏற்றியிருந்தால் மீதிப் பணம் எல்லா வீரர்களுக்கும் பகிரப்பட்டிருக்கும். ஒரேயடியாக ஏறியதால் அந்த ஒரு கோடையில் ஒப்பந்தம் முடிந்தவர்களின் மடியில் அது விழுந்தது. மெம்ஃபிஸின் மைக் கான்லி அதுவரை ஒரு ஆல்-ஸ்டார் ஆட்டம்கூட ஆடாதவர். அவர் ஐந்து ஆண்டுகளுக்கு 15.3 கோடி டாலர் வாங்கினார், அன்றைக்கு அதுதான் வரலாற்றிலேயே பெரிய ஒப்பந்தம். இரண்டு முறை எம்விபியான கரி அந்த ஆண்டு வாங்கியது 1.21 கோடி. தன் அணியிலேயே சம்பளத்தில் அவர் நான்காவது ஆள்.

2015-16இல் 7 கோடியாக இருந்த உச்சவரம்பு, 2016-17இல் 9.41 கோடிக்கு எகிறியது. 34 சதவீத ஏற்றம். ஏற்கெனவே ஒப்பந்தத்தில் இருந்தவர்களின் சம்பளமோ, அந்த ஒப்பந்தத்தின் முதல் ஆண்டுத் தொகையில் 7.5 சதவீதத்துக்கு மேல் ஒரு ஆண்டில் ஏற முடியாது என்பது விதி. இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் கிடந்த வெளியில்தான் டுரான்ட் வந்து உட்கார்ந்தார். 2013-14இல் கரியின் சம்பளம் உச்சவரம்பில் 17 சதவீதம். 2016-17இல் 13 சதவீதம். ஆள் வளர்ந்துகொண்டே போனார், கணக்கில் அவர் பங்கு சுருங்கிக்கொண்டே வந்தது.

சரி, கூட்டிப் பார்ப்போம். டுரான்ட் 2.654 கோடி, தாம்ப்சன் 1.666, கிரீன் 1.533, கரி 1.211, இகுவோடாலா 1.113. ஐந்து பேருக்கும் சேர்த்து ஏறக்குறைய 8.18 கோடி. மாற்று ஆட்டக்காரர் ஷான் லிவிங்ஸ்டனின் 58 லட்சத்தையும் சேர்த்தால் 8.76 கோடி. ஒன்றிரண்டு இளைஞர்கள், நிரப்பாத இடங்களுக்கு லீக் கணக்கில் வைக்கும் குறைந்தபட்சத் தொகை எல்லாம் போக வரம்புக்குள் மிஞ்சியது சொற்பம்.

இதில் கரிக்கு மட்டும் அன்றைய சந்தை விலை போட்டுப் பாருங்கள். அவருடைய அனுபவத்துக்கு உச்சபட்சம் டுரான்டுக்குக் கொடுத்த அதே 2.654 கோடி. வித்தியாசம் 1.44 கோடி. அவ்வளவுதான், டுரான்ட் இல்லை. உச்சவரம்பு பழைய 7 கோடியிலேயே இருந்திருந்தாலும் இல்லை. போகட்டின் 1.1 கோடியை வைத்துக்கொண்டிருந்தாலும் இல்லை. அதனால்தான் 2015இல் இந்தக் குழுவின் முதல் வாகையைப் பெற்றுத் தந்த சென்டர் போகட்டை டாலஸுக்கு அனுப்பினார்கள், தொடக்க ஐவரில் ஒருவரான ஹாரிசன் பார்ன்ஸ் மீதான உரிமையைக் கைவிட்டார்கள். பார்ன்ஸும் அதே டாலஸில் நான்கு ஆண்டு, 9.4 கோடிக்குப் போய்ச் சேர்ந்தார். ஃபெஸ்டஸ் எஸிலி, மாரிஸ் ஸ்பெய்ட்ஸ், லியாண்ட்ரோ பார்போசா எல்லாரும் போனார்கள். 73 ஆட்டம் வென்ற அணியில் பாதியைக் கலைக்க ஒரு நிர்வாகம் மனத்தைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும்.

எண்கள் இடம் கொடுத்தால் போதாது, ஆள் வர வேண்டும். நியூயார்க்குக்குப் பக்கத்தில் ஹாம்ப்டன்ஸில் டுரான்ட் தங்கியிருந்த வீட்டுக்குக் கரி, தாம்ப்சன், கிரீன், இகுவோடாலா நால்வரும் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர், மையர்ஸ், லேக்கப்புடன் நேரில் போனார்கள். அணியின் முகமாக இருந்த கரியே, தன்னைவிட இரண்டு மடங்குக்கு மேல் சம்பளம் வாங்கப்போகிறவரை வா என்று அழைத்தார். இதை எந்த உச்சவரம்பு விதியும் எழுதித் தராது.

மிச்ச இடங்களைச் சில்லறைக் காசில் நிரப்பினார்கள். சென்டர் ஸாஸா பச்சூலியா 29 லட்சம் டாலருக்கு வந்தார். டேவிட் வெஸ்ட் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வந்தார். வாகை வேண்டும் என்று அதற்கு முந்தைய ஆண்டே இந்தியானாவில் 1.2 கோடிக்கு மேல் விட்டுவிட்டு சான் அன்டோனியோவுக்குப் போன மனிதர் அவர். ஜவேல் மெகீ உறுதியில்லாத பயிற்சி முகாம் அழைப்பில் வந்து இடம் பிடித்தார். டிராஃப்ட் இரவில் மில்வாக்கிக்கு 24 லட்சம் டாலர் ரொக்கம் கொடுத்து 38ஆவது இடத்தை வாங்கி பேட்ரிக் மெக்காவை எடுத்தார்கள். அப்படிக் கொடுக்கும் ரொக்கம் உச்சவரம்புக் கணக்கில் வராது. பணம் உள்ள அணிக்கு இதுவும் ஒரு வழி.

அந்தப் பருவத்தில் வாரியர்ஸ் 67 ஆட்டம் வென்றது. பருவத்துக்குப் பின் வரும் பிளேஆஃபில் 16 வெற்றி, ஒரே ஒரு தோல்வி, கையில் வாகை.

அதே பணத்தை மற்றவர்கள் செலவழித்தது

அதிர்ஷ்டம் என்று சொல்பவர்களுக்கு நான் காட்டுவது அதே கோடையின் மற்ற கையெழுத்துகளை. லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் டிமஃபே மோஸ்கோவுக்கு 6.4 கோடியும் லுவோல் டெங்குக்கு 7.2 கோடியும் எழுதியது. நியூயார்க் நிக்ஸ் ஜோகிம் நோவாவுக்கு 7.2 கோடி. போர்ட்லாண்ட் எவன் டர்னருக்கு 7 கோடி. எல்லாமே நான்கு ஆண்டு ஒப்பந்தங்கள். இடம் இருக்கிறதே என்பதற்காகவே நிரப்பியவை. மோஸ்கோவின் சம்பளத்திலிருந்து தப்பிக்க லேக்கர்ஸ் ஓராண்டுக்குள் இளம் ஆட்டக்காரர் டி'ஆஞ்சலோ ரஸ்ஸலையும் சேர்த்து புரூக்ளினுக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. இந்த ரஸ்ஸல் இன்னொரு முறை வருவார்.

2017இல் வாரியர்ஸுக்கு இரண்டாவது சோதனை வந்தது. கரியின் மலிவு ஒப்பந்தம் முடிந்தது, ஐந்து ஆண்டுகளுக்கு 20.1 கோடி டாலர் கொடுத்தார்கள். என்பிஏவில் 20 கோடியைத் தாண்டிய முதல் ஒப்பந்தம். பேர்ட் உரிமை இருந்ததால் வரம்பைத் தாண்டிக் கொடுக்க முடிந்தது. டுரான்ட் விஷயம் சிக்கல். அணியில் ஒரே பருவம் ஆடியிருந்ததால் முழு பேர்ட் உரிமை இல்லை, முந்தைய சம்பளத்தில் 120 சதவீதம் வரைதான், அதாவது சுமார் 3.18 கோடி, வரம்பைத் தாண்டித் தரலாம். அவருக்குத் தகுதியான உச்சபட்சம் 3.4 கோடிக்கும் மேல். அதைக் கொடுக்க இடம் வேண்டுமென்றால் இகுவோடாலாவையும் லிவிங்ஸ்டனையும் கைவிட்டிருக்க வேண்டும்.

டுரான்ட் 2.5 கோடிக்குக் கையெழுத்திட்டார். 3.18 கோடி வரை வாங்கியிருந்தாலே அந்த இருவரும் இருந்திருப்பார்கள், ஆனால் மேலே போகும் ஒவ்வொரு டாலருக்கும் வரி தனியாக விழும். இகுவோடாலா 4.8 கோடிக்கும் லிவிங்ஸ்டன் 2.4 கோடிக்கும், தலா மூன்றாண்டுக்குத் தங்கினார்கள். டுரான்ட் விட்டுக்கொடுத்த பணம் பணக்கார முதலாளியின் வரிச் சீட்டைத்தான் குறைத்தது என்று சிலர் திட்டினார்கள். அதில் உண்மை இருக்கிறது. சூப்பர் டீமின் கணக்கு நேராக வர, யாரோ ஒரு வீரர் தன் பங்கைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 2010இல் மயாமியில் லெப்ரான் ஜேம்ஸ், டுவைன் வேட், கிறிஸ் பாஷ் மூவரும் அதைத்தான் செய்தார்கள். முதலாளிகள் தங்கள் பங்கைக் குறைத்து அணி கட்டிய கதையை நான் கேள்விப்பட்டதில்லை.

2018லும் வாகை. 2019இல் டொரோன்டோவுக்கு எதிரான இறுதிச் சுற்றின் ஐந்தாவது ஆட்டத்தில் டுரான்டின் குதிகால் தசைநார் அறுந்தது, ஆறாவது ஆட்டத்தில் தாம்ப்சனின் முழங்கால் போயிற்று. கோடையில் டுரான்ட் புரூக்ளினுக்குக் கிளம்பினார். வாரியர்ஸ் வரம்புக்கு மேலே இருந்ததால் அவர் சும்மா போனால் அந்த இடத்தில் யாரையும் எடுக்க முடியாது. ஆகவே டுரான்டைத் தாங்களே கையெழுத்திட வைத்து, உடனே புரூக்ளினுக்கு வர்த்தகமாக மாற்றி, ரஸ்ஸலை வாங்கிக்கொண்டார்கள். லேக்கர்ஸ் மோஸ்கோவைக் கழிக்கத் தள்ளிவிட்ட அதே ரஸ்ஸல்தான். இப்படி வாங்கினால் அந்தப் பருவம் முழுக்க ஒரு இறுக்கமான மேல்கோட்டைத் தாண்டக் கூடாது என்ற விதி இருந்ததால், இகுவோடாலாவை ஒரு முதல் சுற்று வாய்ப்போடு மெம்ஃபிஸுக்குக் கொடுக்க நேர்ந்தது. 2015 இறுதிச் சுற்றின் எம்விபியை அப்படி அனுப்பியது இன்றும் எனக்குக் கசப்புதான். ஆனால் காலி இடமாகப் போயிருக்க வேண்டிய ஒன்று ரஸ்ஸல் ஆனது. அவர் 2020 பிப்ரவரியில் மினசோட்டாவில் ஆண்ட்ரூ விகின்ஸ் ஆனார், கூடவே ஒரு முதல் சுற்று வாய்ப்பும் வந்தது. 2022இல் பாஸ்டனை வென்று மீண்டும் வாகை சூடியபோது கரிக்கு அடுத்து என் கண்ணுக்குத் தெரிந்தவர் விகின்ஸ்தான்.

லீக் சும்மா இருக்கவில்லை. வீரர்கள் சங்கத்தோடு போட்ட 2023 ஒப்பந்தத்தில் ஆடம்பர வரிக்கும் மேலே இரண்டாவது ஏப்ரன் என்று ஒரு கோடு போட்டார்கள். அதைத் தாண்டிய அணி இரண்டு வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒருவரை வாங்க முடியாது, பருவ நடுவில் விடுவிக்கப்படும் பெரிய சம்பளக்காரர்களை எடுக்க முடியாது, ஏழாண்டுக்கு அப்பால் உள்ள முதல் சுற்று வாய்ப்பும் உறைந்துவிடும். டுரான்ட், டெவின் புக்கர், பிராட்லி பீல் மூவரையும் சேர்த்த ஃபீனிக்ஸ் அந்தக் கோட்டுக்கு மேலே மாட்டிக்கொண்டு, 2024-25இல் 36 வெற்றிகளோடு பிளேஆஃபுக்கே வராமல் போனது.

அதே ஒப்பந்தத்தில் இன்னொரு விதியும் சேர்ந்தது: உச்சவரம்பு ஒரு ஆண்டில் 10 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. 2015இல் சங்கம் மறுத்த யோசனையின் மறுவடிவம் இது, இந்த முறை சங்கமும் ஒப்புக்கொண்டது. பதினோரு ஆண்டுகளுக்குச் சுமார் 7,600 கோடி டாலர் என்ற புதிய தொலைக்காட்சி ஒப்பந்தம் 2025-26இல் தொடங்கியபோது, உச்சவரம்பு 14.06 கோடியிலிருந்து 15.46 கோடிக்கு, சரியாக அந்த 10 சதவீதம்தான் ஏறியது.